பிறந்த நாள் ஜுரம்

குழந்தைக்கு ஒரு வயது பூர்த்தியாகும் தினத்தில் தகப்பனாருக்குப் பத்து வயது கூடிவிடுகிறது. ஆழ்வார்பேட்டையில் நான் பல வருஷங்களாகக் கண்டுவரும் உண்மை இது. குழந்தை வளர்ந்ததால் வருகிற முதுமை அல்ல; அது வளர்ந்த செய்தியை ஊருக்கு அறிவித்த செலவால் வருகிற முதுமை.

எங்கள் பேட்டையில் இப்போது பிறந்த நாள் என்பது ஒரு சின்னக் கல்யாணம். மாப்பிள்ளை இடுப்பில் இருக்கிறார் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. மண்டபம் பிடிக்க வேண்டும். முகூர்த்தம் பார்ப்பதில்லையே தவிர, சனி ஞாயிறு கிடைக்காமல் திண்டாடுவது உண்டு. பலூன்களால் ஒரு தோரண வளைவு. குழந்தையின் பெயரை ஆளுயர எழுத்தில் காட்டும் விளக்குப் பலகை. மூன்று அடுக்குக் கேக். வித்தை காட்டுகிறவர் ஒருவர். பிஞ்சுக் கைகளில் பச்சை குத்தினாற்போல் படம் வரைகிறவர் ஒருவர். மைக்கைப் பிடித்துக்கொண்டு பெரியவர்களையெல்லாம் கைதட்டச் சொல்லி அதட்டுகிறவர் ஒருவர். இவ்வளவுக்கும் மேலே 'தீம்' என்று ஒன்று. காடு என்று தீர்மானித்துவிட்டால் எல்லாம் காடு. கேக்கின் மேல் சிங்கம் உட்கார்ந்திருக்கும்; தகப்பனார் புலித்தோல் போட்ட சட்டையில் நின்று, வருகிறவர்களை வரவேற்பார். பில் வரும்போதுதான் உண்மையான புலி யார் என்று தெரியும்.

எட்டு மணிக்குக் கேக் வெட்டுவார்கள். ஏழரைக்கே விழா நாயகர் தூங்கிப் போயிருப்பார். தட்டி எழுப்பி, மூக்கைத் துடைத்து, தலையில் கிரீடத்தை வைத்து, அழ அழக் கையில் கத்தியைக் கொடுத்துப் படம் பிடிப்பார்கள். அந்தக் குழந்தைக்கு அப்போது வேண்டியது அம்மாவின் தோளும், கொஞ்சம் இருட்டும். அது இரண்டும்தான் அந்த மண்டபத்தில் கிடைக்காத பொருள்கள்.

சரி, அன்று அழுதாலும் பிற்காலத்தில் நினைத்து மகிழாதா என்று கேட்கலாம். மகிழாது. மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவற்றில், பெரியவர்களான பிறகு நமக்கு ஏறக்குறைய ஒன்றுமே நினைவில் நிற்பதில்லை என்று மனநூல் வல்லுநர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள். உங்கள் முதல் பிறந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஆகவே ஒரு வயதுக் குழந்தைக்கென்று எடுக்கும் விழா, குழந்தைக்கு ஒருநாளும் போய்ச் சேராத மணியார்டர். விலாசம் ஒன்று, வாங்கிக்கொள்கிறவர் வேறு.

வாங்கிக்கொள்கிறவர் யார்? ஆபீஸில் மேலதிகாரி, மாடி வீட்டுக்காரர், மாமியார் வீட்டு உறவு, சென்ற மாதம் நம்மை அழைத்த இன்னொரு தகப்பனார். இங்கேதான் விஷயம் இருக்கிறது. "சிக்கனமாகப் பிறந்த நாள் கொண்டாடுவது எப்படி?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் விலையைப் பற்றியே கேட்கிறார்கள். மண்டபத்துக்குப் பதில் மொட்டை மாடி, மூன்று அடுக்குக்குப் பதில் ஒரு அடுக்கு என்று பேரம் பேசுகிறார்கள். வியாதி விலையில் இல்லை, ஐயா. அழைப்புப் பட்டியலில் இருக்கிறது. தலைக்கு 800 ரூபாய்ச் சாப்பாடு, 80 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 64,000 ரூபாய். பேரம் பேசி 800-ஐ 600 ஆக்கினாலும் 48,000. விலை அப்படியே இருக்க, 80 பேரை 8 பேராக்குங்கள், 6,400-ல் முடிந்தது. இந்தக் கணக்கு மூன்றாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். அவனுடைய அப்பாவுக்குத்தான் தெரிய மாட்டேன் என்கிறது.

தெரியாமல் என்ன? தெரியும். ஆனால் அந்த 80 பேரும் விருந்தாளிகள் அல்லர், பாக்கிக்காரர்கள். அவர்கள் வீட்டில் நாம் சாப்பிட்டிருக்கிறோம். நம் வீட்டில் அவர்கள் சாப்பிட வேண்டும். அவர்கள் கொடுத்த பரிசின் விலை நமக்குத் தெரியும். நாம் கொடுத்ததன் விலை அவர்களுக்குத் தெரியும்.

தஞ்சை மாவட்டத்தில் பேராவூரணிப் பக்கமும், புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கமும் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கிறது. பணம் தேவைப்படுகிறவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து பந்தல் போட்டு, ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவார்கள். வந்தவர் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார். யார் எவ்வளவு என்று நோட்டில் பதிவாகும். அவர் முறை வரும்போது அந்தத் தொகையைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். நகரத்துக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நாணயமான ஏற்பாடு. கடன் என்று சொல்லியே வாங்குகிறார்கள். கணக்கு வைத்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒருவர் கிணறு வெட்டுகிறார். இன்னொருவர் மகளைப் படிக்க வைக்கிறார். முக்கியமாக, கடன் வாங்குவதற்கு அவர்கள் ஒரு குழந்தையைத் தூக்கி மேடையில் நிறுத்துவதில்லை.

ஆழ்வார்பேட்டையில் நடப்பதும் மொய் விருந்துதான். நோட்டு மட்டும் இல்லை, மனத்திலேயே எழுதிக்கொள்கிறோம். கிணறும் கிடையாது, படிப்பும் கிடையாது. மிஞ்சுகிறது, பிரிக்காமல் பரண்மேல் ஏறும் நாற்பது பொம்மைப் பெட்டி. அவற்றில் பாதி, அடுத்த குழந்தையின் பிறந்த நாளுக்குக் காகிதம் மாற்றிக்கொண்டு புறப்படும். வந்த குழந்தைகளுக்கு 'ரிடர்ன் கிஃப்ட்' என்று ஒரு பை வேறு. போன வாரம் ஒரு வீட்டில் தண்ணீர்ப் புட்டி கொடுத்தார்கள் என்றால், இந்த வாரம் புட்டியும் டப்பாவும் கொடுத்தாக வேண்டும். வாங்கிய பரிசுக்கு அங்கேயே ரசீது கொடுத்து அனுப்பும் விருந்தோம்பல் நம் முன்னோர் அறியாதது.

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் விளையாட்டு, உனக்கேன் வயிற்றெரிச்சல் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் தெருவில், ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் குடியிருக்கும் குடும்பம். தகப்பனார் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். பெண்ணுக்கு ஆறு வயது. தெருவில் யார் வீட்டில் பிறந்த நாள் என்றாலும், அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கு ஜுரம் வந்துவிடும். "உடம்பு சரியில்லை, மாமி. இன்னொரு தடவை பார்க்கலாம்" என்று தாயார் வாசலில் நின்று சொல்வாள். மறுநாள் காலையில் குழந்தை சௌக்கியமாகப் பள்ளிக்கூடம் போகும். மூன்றாவது ஜுரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. 500 ரூபாய்ப் பொம்மை வாங்கிக்கொண்டு போக அந்த வீட்டில் வழியில்லை. 50 ரூபாய்ப் பொம்மையோடு போக மனம் இல்லை. வெறுங்கையோடு போகலாம் என்று அழைத்தவர்கள் யாரும் சொல்லவும் இல்லை. ஆகவே ஆறு வயதுக் குழந்தை கட்டிலில் படுத்து, ஜன்னல் வழியாக வரும் பாட்டைக் கேட்டுக்கொண்டு, ஜுரம் இருப்பதுபோல் நடிக்கக் கற்றுக்கொள்கிறது. பிறந்த நாள் விழாவின் உண்மையான செலவு இதுதான். இது எந்தப் பில்லிலும் வருவதில்லை.

இதற்குப் பரிகாரமாகச் சிலர் வேறொன்று செய்கிறார்கள். குழந்தையை ஓர் அனாதை ஆசிரமத்துக்கு அழைத்துப் போய், அங்கே சாப்பாடு போட்டுப் பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள். நல்ல எண்ணந்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியைக் கொஞ்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். தாய் தகப்பன் இல்லாத குழந்தைகள், இலைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்து, தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் நிற்கும் ஒரு குழந்தைக்காக வாழ்த்துப் பாட வேண்டும். அவர்களில் சிலருக்குத் தங்கள் சொந்தப் பிறந்த தேதியே தெரியாது. பாடி முடித்த பிறகுதான் பாயசம். தர்மம் செய்ய ஆசையிருந்தால் அரிசி மூட்டையையும் பருப்பையும் அனுப்புங்கள். உங்கள் குழந்தையின் பெயரையும் காமிராவையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

"சம்பிரதாயத்தை விட முடியுமா?" என்பார்கள். எந்தச் சம்பிரதாயம்? நம் தாத்தாக்களில் பலருக்குப் பிறந்த தேதியே கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் எதிர்க் காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பள்ளி திறப்பது ஜூன் மாதம். ஆகவே ஜூனில் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். அந்தத் தலைமுறையில் பாதித் தமிழர்கள் ஜூன் மாதத்தில் பிறந்தது இப்படித்தான். பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் வந்ததே 1969-ல். நட்சத்திரம் பார்த்தவர்கள் வீட்டில், மாதமும் நட்சத்திரமும் கூடும் நாளில் எண்ணெய் ஸ்நானம், புதுச் சட்டை, கோவிலில் ஓர் அர்ச்சனை, பெரியவர்களுக்கு நமஸ்காரம், பாயசம். ஆண்டு நிறைவுக்கு மட்டும் கொஞ்சம் விசேஷம். மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும், கடனும் இருக்காது.

இன்று நாம் பாடும் பிறந்த நாள் பாட்டின் கதையும் ரசமானது. அதன் மெட்டு 1893-ல் அச்சாயிற்று. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் மில்ட்ரெட் ஹில், பாட்டி ஹில் என்ற சகோதரிகள், பாலர் வகுப்புக் குழந்தைகள் காலையில் வணக்கம் சொல்லிப் பாடுவதற்காகச் செய்தது அது. பெயர்தான் பாட்டி; அப்போது அவருக்கு வயது 25. குழந்தைகளுக்காகப் பிறந்த அந்த எளிய மெட்டு பிறந்த நாள் பாட்டாக மாறியது. பிறகு ஒரு கம்பெனி அதற்கு உரிமை கொண்டாடி, படங்களில் பாடினால் பணம் கேட்டது. 2015-ல் நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. மறு வருஷம் அந்தக் கம்பெனி 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பாட்டு விடுதலையாகிவிட்டது, விழாதான் இன்னும் ஆகவில்லை. அதே 1893-ல்தான் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அமிர்தாஞ்சனம் என்ற தலைவலித் தைலத்தைத் தொடங்கினார். இரண்டும் ஒரே வருஷத்தில் பிறந்தது தற்செயல்தான். ஆனாலும் விழா முடிந்த இரவில் தகப்பனாருக்கு இரண்டும் தேவைப்படுகின்றன.

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். வழி சொல்ல வேண்டாமா? சொல்கிறேன்.

குழந்தைக்கு எத்தனை வயதோ, அதோடு ஒன்றோ இரண்டோ கூட்டி, அத்தனை குழந்தைகளை மட்டும் அழையுங்கள். ஒரு வயதென்றால் தாத்தா, பாட்டி, அத்தை போதும். ஐந்து வயதென்றால் ஏழு குழந்தைகள். யார் யார் என்று குழந்தையையே கேளுங்கள். அது மேலதிகாரியின் பையனைச் சொல்லாது. பின்கட்டுப் பெண்ணைச் சொல்லும். "பரிசு வேண்டாம், ஒரு விளையாட்டோ, ஒரு கதையோ கொண்டுவா" என்று சொல்லி அழையுங்கள். அதை உண்மையாகவே சொல்லுங்கள். யாராவது பொட்டலத்தோடு வந்தால் பிரிக்காமல் சிரித்துத் திருப்பிக் கொடுத்து விடுங்கள்.

நாலு மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடியுங்கள். அந்த நாகேஸ்வர ராவ் பெயரிலேயே, நமக்குக் கூப்பிடு தூரத்தில் லஸ்ஸில் பூங்கா இருக்கிறதே, அது எதற்கு? ஒரு மணி நேரம் அங்கே ஓடட்டும். பிறகு வீட்டுக்கு அழைத்து வந்து கண்ணாமூச்சி, நொண்டி, பல்லாங்குழி. பாட்டி இருந்தால் ஒரு கதை. முக்கால் கிலோ பட்டாணியில் தேங்காய் மாங்காய்ச் சுண்டல், இரண்டு லிட்டர் பாலில் சேமியாப் பாயசம், ஒரு ஜாடி எலுமிச்சம்பழ ரசம். கேக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1883-லேயே தலச்சேரியில் மாம்பள்ளி பாபு கேக் செய்துவிட்டார், அதுவும் நம் ஊர்ப் பண்டந்தான். ஒரு கிலோ வாங்குங்கள். எல்லாம் சேர்ந்து 2,000 ரூபாயைத் தாண்டாது. தட்டுக்கு வாழையிலைத் துண்டு போதும். பிளாஸ்டிக் தட்டும் கோப்பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை. 2022 ஜூலையில் வந்த மத்திய அரசின் தடையில் பலூனைச் செருகும் பிளாஸ்டிக் குச்சியும், அலங்காரத் தெர்மோகோலும்கூட அடக்கம். சிக்கனம் இங்கே சட்டத்துக்கும் சம்மதமானது.

"நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்பதுதான் கடைசித் தடை. அதற்கு என் பதில், வசதியுள்ளவர்களைப் பார்த்துச் சொல்வது. பின்கட்டுக்காரர் சுண்டலும் பாயசமும் வைத்துப் பிறந்த நாள் கொண்டாடினால் ஊர் அதை இல்லாமை என்கிறது. கார் நிறுத்த இரண்டு இடம் வைத்திருப்பவர் அதையே செய்தால் ஊர் அதை நாகரிகம் என்கிறது. எளிமையை ஏழை ஆரம்பித்து வைக்க முடியாது; ஆரம்பித்தால் அவமானம் அவருக்கு. உள்ளவர்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆகவே மண்டபத்துக்குப் பணம் கட்டக்கூடிய தகப்பனார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். உங்களால் முடியும் என்பதற்காகவே செய்யாதீர்கள். நீங்கள் ஏழு குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டால், அடுத்த தெருவில் ஒருவர் கடன் வாங்காமல் இருப்பார். ஒரு குழந்தைக்கு ஜுரம் வராமல் இருக்கும்.