507 மணித்தியாலங்கள்: புலம்பெயர்ந்த கலைஞருக்கு யார் சொல்வது?

பிரான்சில் மேடைக் கலைஞர்களுக்கெனத் தனியானதொரு வேலையற்றோர் கொடுப்பனவு இருக்கிறது. 12 மாதங்களுக்குள் 507 மணித்தியாலங்கள் தொழில் செய்ததற்குப் பதிவு இருந்தால், நிகழ்ச்சி இல்லாத நாட்களிலும் கலைஞருக்குப் பணம் கிடைக்கும். நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் எழுதி ஊதியம் பெற்றால், ஒவ்வொரு நிகழ்ச்சியும் 12 மணித்தியாலமாகக் கணக்கிடப்படும். அதாவது, ஆண்டுக்கு 43 நிகழ்ச்சிகள்.

அகதி அந்தஸ்துப் பெற்றவருக்கும் இது பொருந்தும். ஆனால் ஊரில் மிருதங்கம் வாசித்தவர் பாரிஸில் உணவகமொன்றில் கோப்பை கழுவும்போது இதை அவருக்கு யார் சொல்வது?

சொல்வதற்கென்றே சில அமைப்புகள் உள்ளன. 2017 இல் பாரிஸில் தொடங்கப்பட்ட 'புகலிடக் கலைஞர்களின் பட்டறை' வேலை செய்ய இடம் கொடுக்கிறது, நிர்வாகப் பத்திரங்களுக்கு உதவுகிறது, பிரெஞ்சு கற்பிக்கிறது, அரங்குகளுக்கு அறிமுகம் செய்கிறது. நியூயோர்க்கின் கலை அறக்கட்டளை ஒன்று 2007 முதல் குடியேறிய கலைஞர்களை அனுபவமுள்ள கலைஞர்களோடு இணைத்துவிடுகிறது. இவர்கள் யாருக்கும் கலை கற்பிப்பதில்லை. விண்ணப்பம் எழுதுவது எப்படி, எவ்வளவு கேட்பது, எந்தக் கதவைத் தட்டுவது என்பவைதான் பாடம்.

நம்மவர்களின் நிலைமை வேறு. ஆண்டு விழாவில் மண்டபத்துக்கும் ஒலியமைப்புக்கும் வாடகை கொடுக்கிறோம். கலைஞருக்குப் பொன்னாடை. கையில் கொஞ்சம் காசு கொடுத்தாலும் பதிவு இல்லை. ஆகவே பத்து வருடம் மேடையேறியவருக்கும் பிரெஞ்சு அரசின் கணக்கில் ஒரு மணித்தியாலம்கூட இராது. சங்கங்களைக் குறை சொல்வதும் முழு நியாயமல்ல. போர்க்காலத்தில் மேடையேறுவது கடமையாக இருந்தது. பணம் கேட்பது அழகல்ல என்று கலைஞர்களே நினைத்தார்கள். போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. சமூகப் பாதுகாப்புக் கட்டணம் சிறிய சங்கத்துக்குச் சுமைதான். ஆனாலும், நிகழ்ச்சி நடத்துவதைப் பிரதான தொழிலாகக் கொள்ளாத சங்கங்கள் ஊதியத்தையும் கட்டணங்களையும் ஒரே இடத்தில் பதிவுசெய்ய 'குசோ' என்ற சேவை இருக்கிறது. எத்தனை தமிழ்ச் சங்கங்கள் அதைப் பயன்படுத்துகின்றன என்று அவற்றின் உறுப்பினர்களே கேட்கலாம்.

2015 இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற 'தீபன்' படத்தில் ஷோபாசக்தி நாயகனாக நடித்ததை நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். அப்படியொரு வாய்ப்பு எல்லோருக்கும் வராது.

இன்னொரு சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது. வெளிநாட்டில் எந்த உதவிக்கும் முதலில் கேட்பது இதுவரை செய்தவற்றின் ஆதாரம். இடப்பெயர்வுகளில் நோட்டீசும் படமும் பத்திரிகைத் துண்டும் வீட்டோடு போனவர்களிடம் எதைக் கேட்பது? அண்ணாவியாரிடமோ படித்த பாடசாலையிடமோ கடிதம் வாங்கலாம், கோயில் திருவிழாவில் யாரோ எடுத்த வீடியோவைத் தேடலாம். இருபது வருடத்துக்கு முன் போய், இந்த அலுவலகங்களில் ஏறி இறங்கிய கலைஞர்கள் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு மாதத்தில் ஒரு பின்னேரம் ஒதுக்க அவர்களால் முடியும்.