பூத்த சுருட்டு

ஐப்பசி மழை தொடங்கியதும், மாமனாரின் சுருட்டுப் பேணியைத் திறக்கும் மருமகளுக்கு ஒரு சங்கடம் நேர்வதுண்டு. சுருட்டின்மேல் வெண்மையாக ஏதோ படிந்திருக்கும். அவள் எறிய முற்படுவாள். "அது பூத்திருக்குது பிள்ளை, துடைச்சால் போகும்" என்று கிழவர் தடுப்பார்.

கிழவருக்குத் துணையாகக் கடல் கடந்தும் ஆட்கள் உளர். ஹவானாச் சுருட்டுப் பிரியர் பலர், இலையின் எண்ணெய் கசிந்து பளிங்குத் தூளாகப் படிவதே அவ்வெண்மை என்றும், அது முதிர்ந்த சுருட்டின் சிறப்பென்றும் கூறுவர். நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினாலோ, அச்சிறப்புப் பலவேளை பங்கசிழையும் வித்திகளுமாகவே காட்சியளிக்கின்றது!

வெறுங்கண்ணாலும் அறியலாம். பஞ்சுபோல் திட்டுத்திட்டாக எழுந்து, பச்சையோ நீலமோ பாரித்து, மக்கல் மணம் வீசுமாயின் அது பூஞ்சணமே. சுருட்டின் வெட்டுவாயைப் பார்ப்பது இன்னும் முக்கியம். மேலிலையில் உள்ளதைத் துடைக்கலாம்; வெட்டுவாய் வழியே உட்புகுந்ததை எத்துணி துடைக்கும்? சில பங்கசுகள் நச்சுப்பொருளையும் சுரப்பன. தொய்வுக்காரருக்கு அதன் வித்திகளைச் சுவாசிப்பதே கேடு. சுருட்டே கேடுதானே என்பாருடன் எனக்கு வழக்கில்லை. எனினும் எழுபது வயது நெஞ்சிற்கு இன்னுமொரு சுமை எதற்கு? மருமகளே வென்றாள்.

ஆயினும் பேணியோடு எறிய வேண்டுவதில்லை. பூத்தவற்றை, மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொண்டு, வெளியே எடுத்துச் சென்று அகற்றுக. வீட்டினுள் உதறலாகாது. மாசற்றிருப்பவற்றைச் சுளகிற் பரப்பிக் காற்றோட்டமான நிழலில் உலரவிடுக. வெயிலில் மேலிலை வெடிக்கும். வெயில் பேணிக்கு உரியது: சவர்க்காரமிட்டு வெந்நீரிற் கழுவி, ஒரு பகல் முழுதும் காயவிடுக. இரண்டு வாரம் அச்சுருட்டுகளைக் கண்காணித்தல் நன்று.

ஹவானாச் சுருட்டை 65 முதல் 70 சதவீத ஈரப்பதனிற் பேணுவர். 75ஐத் தாண்டினால் பூஞ்சணத்திற்குக் கொண்டாட்டம். மாரியில் யாழ்ப்பாணக் காற்று 80ஐயும் எளிதிற் கடக்கும். எனவே பேணியைச் சீமெந்துத் தரையிலோ ஈரச்சுவரோரத்திலோ வையாது, உயர்ந்த தட்டில் வைத்து, நன்கு காய்ந்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே இடுக. மழைக்காலத்தில் பெருங்கட்டாக வாங்காது, வாரத்திற்கு வேண்டிய அளவே வாங்குதல் இதனினும் எளிது. ஆட்டைத் திவசப் படையலுக்கான சுருட்டையும் முதல்நாள் வாங்கினாற் போதும்.