துணை தேடிய துறவி



தம் ஊரில் கத்தோலிக்கக் குடும்பம் தமது ஒன்றே என்றும், திருப்பலி மாதம் ஒருமுறைதான் என்றும், கூடிச் செபிக்க ஒரு துணையில்லை என்றும் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். திருமணப் பேச்சும் அதனாலேயே தள்ளிப்போகிறதாம். அவருக்கு விடையாக, நம் அண்டையில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன்.

திருச்சியிலிருந்து ஈரோடு செல்லும் புகைவண்டிப் பாதையில், காவிரிக் கரையில் உள்ளது குளித்தலை. திருவரங்கத்தில் நாம் காணும் நீர் அவ்வூரைக் கடந்தே வருகிறது. 1939-இல் பிரான்சு நாட்டிலிருந்து வந்த மொன்ஷானின் அடிகளார், அங்கும் சுற்றுக் கிராமங்களிலும் பங்குப்பணி ஆற்றினார். லியோன் நகரில் கற்றோர் போற்றிய குரு அவர். இந்நாட்டுத் துறவியரைப் போல் வாழ்ந்து மூவொரு இறைவனைத் தியானிக்க ஓர் ஆசிரமம் வேண்டுமென்பது அவர் ஏக்கம். உடலோ நலிந்தது, அவ்வேக்கத்தைப் பகிர்ந்துகொள்ள அருகில் ஒருவருமில்லை. எட்டு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

1947-இல் திருச்சி ஆயர் மெந்தோன்சா ஆண்டகைக்கு ஒரு கடிதம் வந்தது. பிரான்சிலிருந்து ஆசீர்வாதப்பர் சபைத் துறவி லெ சோ எழுதியது. இந்திய முறையில் தவவாழ்வு வாழ இடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். பிரெஞ்சு மொழியிலிருந்த அக்கடிதத்தை ஆயர் மொன்ஷானினிடம் கொடுத்தார். அடுத்த ஆண்டே லெ சோ வந்து சேர்ந்தார். 1950 மார்ச் 21, ஆசீர்வாதப்பர் திருநாளன்று, தண்ணீர்ப்பள்ளி மாந்தோப்பில் சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கிற்று. சாந்திவனம் என்றால் பலருக்கும் தெரியும். இருவரும் காவியுடுத்தினர், குடிசைகளில் வாழ்ந்தனர்.

துணை கிடைத்ததும் துயரம் தீர்ந்ததோ? இல்லை. லெ சோ அத்வைத அனுபவத்தில் ஆழ்ந்து, திருவண்ணாமலைக் குகைகளை நாடினார். மொன்ஷானினுக்கு அதில் அச்சமிருந்தது. வந்த சிலரும் நிலைக்கவில்லை. 1957-இல் மொன்ஷானின் பாரீசில் இறந்தபோது, அவர் கனவு கண்ட குழு உருவாகவேயில்லை. 1968-இல் லெ சோ வடக்கே சென்றார். அவ்வாண்டே கேரளத்துக் குரிசுமலையிலிருந்து பீட் கிரிஃபித்ஸ் அடிகளார் இரு துறவியரோடு வந்தார். அதன் பின்னரே அங்குக் குழு தழைத்தது. அவர் 1993-இல் மறையும்வரை, பல நாட்டினரும் பல சமயத்தாரும் அக்கரையில் ஒன்றாக அமர்ந்து தியானித்தனர்.

ஆனாலும் கருத்து வேறுபட்ட அவ்விருவரும் ஓராசிரமத்தாராகவே இருந்தனர் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். நம் வீடுகளிலோ, ஞானஸ்நானம் ஒன்றாயிருந்தும், உட்சாதிவரை பொருத்தம் பார்த்துவிட்டு, வரன் அமையவில்லையே என்று பெற்றோர் வருந்துகிறார்கள்! சகோதரியின் பெற்றோர் எத்தகையவரோ, அறியேன்.

சகோதரி இசைந்தால், அவருடைய கடிதத்தை அவ்வட்டாரப் பங்குத்தந்தையிடம் சேர்ப்பிப்பேன். அடுத்த கிளைப்பங்கிலும் இப்படித் தனித்திருக்கும் குடும்பம் ஏதேனும் இருக்குமானால், அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.