உடைந்த நாற்காலியைச் சுமப்பது யார்?

பிரவீன் மோர்ச்சாலே இயக்கிய 'வாக்கிங் வித் த விண்ட்' என்னும் லடாக்கி மொழித் திரைப்படத்தை அண்மையில் கரமனையில் தோழர்கள் சிலர் ஒன்றுகூடிப் பார்த்தோம். கதை மிகச் சிறியது. மலைக்கிராமத்துச் சிறுவன் ஒருவன் பள்ளியில் தன் நண்பனின் நாற்காலியைத் தவறுதலாக உடைத்துவிடுகிறான். அதைப் பழுதுபார்ப்பதற்காகக் கரடுமுரடான மலைப்பாதை வழியே தன் ஊருக்குக் கொண்டுசெல்கிறான்.

படம் முடிந்ததும் இரு கருத்துகள் எழுந்தன. அரசியல் கலவாத தூய கலை என்று ஒரு தோழர் வியந்தார். போராட்டமும் சுரண்டலும் காட்டப்படாத படத்தால் நமக்கென்ன பயன் என்று மற்றொருவர் ஒதுக்கினார். முரண்பட்டவை போலத் தோன்றினும் இரண்டும் ஒரே பிழையில் வேர்கொண்டவை. கொடியும் முழக்கமும் இருந்தால்தான் அரசியல் என்பதே அப்பிழை.

அந்த நாற்காலி பள்ளிக்கூடத்து நாற்காலி. அதைச் செப்பனிட வேண்டிய கடமை யாருடையது? சிறுவனின் நேர்மை போற்றத்தக்கது, ஐயமில்லை. ஆனால் அரசின் கடமையைக் குழந்தையின் நற்பண்பாக மாற்றி மெய்ம்மறப்பது ஆளும் வர்க்கத்துக்கு மிகவும் உகந்த ரசனை. வறுமைக்கு எளிமை என்றும், புறக்கணிப்புக்கு அமைதி என்றும் பெயரிடும் ரசனை அது. படம் அந்தப் பெயர்களைச் சூட்டவில்லை; சூட்டியவர்கள் பார்வையாளர்களே.

இப்படம் 65ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த லடாக்கிப் படம் உட்பட மூன்று விருதுகளை வென்றது. 2018 மே 3 அன்று நடந்த அவ்விழாவில் 11 பேருக்கு மட்டுமே குடியரசுத் தலைவர் நேரில் விருது வழங்குவார் என்று அறிவிக்கப்பட்டதால், கலைஞர்கள் பலர் விழாவைப் புறக்கணித்ததை மறந்திருக்க மாட்டோம். கலைஞர்களிடையே வரிசை வகுத்த அதே அரசியல் மொழிகளிடையேயும் வரிசை வகுக்கிறது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. திபெத்திய எழுத்தில் எழுதப்படும் லடாக்கியருடைய போட்டி மொழிக்கு அங்கே இடமில்லை. 2025இல் லடாக்கின் அலுவல் மொழிகளுள் ஒன்றாக அது அறிவிக்கப்பட்டது உண்மையே. ஆனால் அம்மொழியில் சட்டமியற்ற அங்கே சட்டமன்றம் எங்கே?

முன்பு ஜம்மு-காஷ்மீர் சட்டமன்றத்தில் லடாக்குக்கு நான்கு உறுப்பினர்கள் இருந்தனர். 2019இல் சட்டமன்றமில்லாத ஒன்றியப் பகுதியாக்கப்பட்ட பின் ஒருவருமில்லை. ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பு வழங்குவதாக வாக்குறுதி அளித்தே 2020 லே மலைப்பகுதிக் கவுன்சில் தேர்தலில் பாஜக வாக்குக் கேட்டது. அவ்வாக்குறுதியும் மாநிலத் தகுதியும் கேட்டுப் போராடியவர்கள் பெற்றது என்ன? 2025 செப்டம்பர் 24 அன்று லேயில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். பாஜக அலுவலகம் எரிந்ததைக் காட்டி, மக்களின் கோரிக்கையையே சாம்பலாக்கிவிட முடியாது. இரு நாள்களில் சோனம் வாங்சுக் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டு, தொலைதூர ஜோத்பூர் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மலைமக்களின் அமைதியை வியக்கும் அரசு, அவர்கள் வாய் திறந்ததும் காட்டும் முகம் இதுதான்.

தெற்கு முனையில் வாழும் தமிழர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் வினவக்கூடும். கேரளத்தில் நாம் மொழிச் சிறுபான்மையினர். ஆயினும் அரசுக்குத் தமிழிலேயே மனு எழுதும் உரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் நமக்கு வழங்கியுள்ளது. நம் மொழி அட்டவணையிலும் உள்ளது. உரிமை என்றால் என்ன என்பதை அனுபவித்து அறிந்தவர்கள், அது மறுக்கப்பட்டவர்களுக்காகப் பேசாமலிருப்பது நியாயமன்று.

ஆகவே தோழர்களே, கிளைதோறும் இப்படத்தைத் திரையிடுங்கள். காட்சியழகை ரசியுங்கள், தவறில்லை. விளக்குகள் எரிந்தபின், மாநிலத் தகுதிக்கும் ஆறாவது அட்டவணைக்கும் ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். நாற்காலியை ஒரு சிறுவனின் தோளில் விட்டுவிட்டுக் கைதட்டிக் கலைவது நம் பண்பாடு அன்று.