பழைய நோட்டும் புதிய ஏலக்கடையும்

வள்ளூர் அனல் மின்நிலையத்திலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் வேலை பார்க்கிற தொழிலாளிகளின் கையிலே இன்று செல்போன் இருக்கிறது. அதிலே அடிக்கடி ஒரு விளம்பரம் வருகிறது.

"டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டு இருக்கிறதா? லட்சக்கணக்கில் பணம்!"

பல வீடுகளில் பெட்டியின் அடியில் அப்படி ஒரு நோட்டு கிடக்கிறது. ஆசை வருவது இயற்கைதான். ஆனால் விலை பேசுகிறவர் யார், அவருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உண்மையான ஏலக்கடைகள் எப்படிப் பிழைக்கின்றன?

1995-ம் ஆண்டு, அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் இணையத்திலே ஏலம் போடத் தொடங்கினார். அதுதான் பின்னர் 'ஈபே' ஆயிற்று. முதலில் விலை போனது ஓர் உடைந்த லேசர் விளக்கு. விலை 14 டாலர் 83 சென்ட். வாங்கியவர் அப்படிப்பட்ட உடைந்த விளக்குகளைச் சேகரிப்பவராம்!

தபால்தலை, நாணயம், பொம்மை சேர்ப்பவர்கள் அங்கே கூடினார்கள். பொருளைப் பட்டியலில் சேர்க்கச் சிறு கட்டணம். விற்ற பிறகு விலையில் ஒரு பங்கு. பொருள் நல்ல விலைக்குப் போனால்தான் கடைக்கு வருமானம். விற்பவரின் லாபமும் கடையின் லாபமும் ஒன்றாக இருந்தன.

பிறகு வியாபாரம் மாறியது. ஏலம் முடியும் வரை காத்திருக்கப் பலருக்குப் பொறுமை இல்லை. 2000-ம் ஆண்டில், குறித்த விலைக்கு உடனே வாங்கும் முறை வந்தது. புதுச் சரக்கு குவிந்தது. சேகரிப்போர் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டார்கள்.

இந்தியாவில் 2000-ம் ஆண்டு தொடங்கிய 'பாஸி' என்ற ஏலத்தளத்தை, 2004-ல் ஈபே சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் புதுச் சரக்கு விற்பதிலே மற்றவர்கள் முந்திவிட்டார்கள். 2017-ல் ஈபேயின் இந்தியக் கடை பிளிப்கார்ட் கைக்குப் போயிற்று. 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது.

வெளிநாட்டிலோ, ஈபே மறுபடியும் சேகரிப்போரைத் தேடிப் போனது. 2020 முதல், விலையுயர்ந்த கைக்கடிகாரம் போன்றவற்றை நிபுணர்கள் சோதித்த பிறகே வாங்கியவருக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தது. 2024-ல், சேகரிப்புப் பொருள்களை ஏலம் விடும் 'கோல்டின்' நிறுவனத்தையும் வாங்கிவிட்டது. அசல் எது, போலி எது என்று சொல்லும் நம்பிக்கையே இன்று அதன் சரக்கு!

இந்தியாவிலும் மும்பை, பெங்களூரு நகரங்களில் நாணய ஏல நிறுவனங்கள் உண்டு. ஆனால் வீட்டிலே கிடக்கும் ஒற்றை நோட்டுக்கு அந்த வாசல் எட்டாது. அந்த இடத்தில்தான் மோசக்காரர்கள் புகுந்துவிட்டார்கள்.

இவர்கள் நோட்டைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. லட்சம் தருவதாகச் சொல்லி, 'பதிவுக் கட்டணம்', 'வரி', 'கமிஷன்' என்று முன்பணம் கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைக்கூடப் பயன்படுத்துகிறார்கள். பழைய நோட்டு வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தம் இல்லை, இதற்காகக் கட்டணம் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது.

ஏலக்கடை, விற்கும் பொருளால் பிழைக்கிறது. மோசக்காரன், விற்க வந்தவரின் பணத்தால் பிழைக்கிறான். இந்த வேற்றுமை தெரிந்தால் போதும். பாதி மோசடி நின்றுவிடும்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. வள்ளூருக்கு வடக்கே பழவேற்காட்டில், 17-ம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்கள் நாணயம் அடித்தார்கள். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து கிடைக்கும் புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த நாணயத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

எச்சரிக்கை மட்டும் போதாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது. அதன் நிபுணர்கள் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களுக்கு அவ்வப்போது வந்து, மக்கள் கொண்டு வரும் நாணயங்களைப் பார்த்து உண்மையைச் சொல்ல அரசு ஏற்பாடு செய்யலாம். செலவு அதிகம் ஆகாது. ஏமாந்தவர்களும் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து புகார் சொல்ல வேண்டும்.

5 ரூபாய் நோட்டை நம்பி, உழைத்துச் சேர்த்த 5,000 ரூபாயை இழக்கலாமா? நோட்டு பெட்டியிலேயே இருக்கட்டும்!