செஞ்சிக்கு அழைப்பு வராதது தளத்தாலா?

"ஒரே கம்பெனியின் பிடியில் இல்லாத தளங்கள் வந்துவிட்டால், செஞ்சிப் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் வேலை அழைப்பு சமமாக வரும்" என்கிறார்கள். வராது.

ஒன்று: மாஸ்டடான் போன்ற அத்தகைய தளங்கள் இயங்கும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை 2018இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி ஏற்றது. தனித்தனி ஆட்கள் நடத்தும் சர்வர்களில் ஒன்றின் செய்தியை இன்னொன்றுக்குக் கொண்டுபோவதே அதன் வேலை. யாருக்கு எழுத வேண்டும் என்று ஹெச்.ஆருக்கு அது சொல்லாது. 'சென்னை, இன்ன கல்லூரி, 2 வருட அனுபவம்' என்று சலிப்பவர் அங்கேயும் அப்படித்தானே சலிப்பார்?

இரண்டு, யாரும் பேசாதது இது: அங்கே எல்லோரையும் ஒரே இடத்தில் தேட முடியாது. ஒரு சர்வருக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்குகளே அதன் தேடலில் வரும். பின்தொடர ஆளில்லாத சின்ன சர்வரில் செஞ்சிப் பெண் ஒருத்தி பயோடேட்டா போட்டால், பெங்களூரில் தேடுபவர் கண்ணில் எப்படிப் படும்? கடைசியில் தெரிந்தவர் சிபாரிசுதான்.

மூன்று: 'பதிவுக் கட்டணம் கட்டு' என்று போலி ஏஜென்ட் எழுதினால், எந்த சர்வர்க்காரரிடம் அந்தப் பெண் முறையிடுவாள்?

கம்பெனி நினைத்தால் தளம் இல்லாமலே ஊருக்கு வரலாம்: 2011இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்ததே மென்பொருள் கம்பெனி ஜோஹோ, அது எந்தத் தளத்துக்காகக் காத்திருந்தது?

ஆகவே ஹெச்.ஆரிடம், முதல் செய்தியிலேயே கம்பெனி பெயர், சம்பளம், வேலையிடம் எழுதச் சொல்லுங்கள். செஞ்சி போல ரயில் நிலையமே இல்லாத ஊர்க்காரரை நேர்காணலுக்கு அலைக்கழிக்கும் முன், வீடியோ அழைப்பில் பேசச் சொல்லுங்கள்.