‘தெரியாம போட்டுட்டேன்’ – போக்கரில் செல்லாத சாக்கு

போக்கர் டோர்னமென்ட்களில் புதிதாக ஆட வந்தவர்கள் அதிகம் புலம்புவது ஒரு விதியைப் பற்றித்தான். கட்டாய மினிமம் ரெய்ஸ். "பாவம், தெரியாமல் போட்டுவிட்டார், சிப்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே" என்று பரிந்து பேசவும் எப்போதும் நாலு பேர் இருக்கிறார்கள். அந்தப் பரிவுதான் ஆட்டத்தைக் கெடுக்கும்.

முதலில் விதி. நோ-லிமிட் ஆட்டத்தில் ஒருவர் 4,000 கட்டினால், அடுத்தவர் ரெய்ஸ் செய்ய குறைந்தது 8,000 வைக்க வேண்டும். வாயைத் திறக்காமல் ஒருவர் பல சிப்ஸ்களாக 6,500 வைக்கிறார். சின்னதாக ஏற்றிப் பார்க்க நினைத்தாரோ, தொகையைத் தப்பாகக் கேட்டாரோ, யாருக்குத் தெரியும்? 2001-ல் தொடங்கிய டோர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷனின் விதி சொல்வது இதுதான்: கூடுதலாக வைத்தது தேவையான ஏற்றத்தில் பாதியைத் தொட்டுவிட்டால் முழு ரெய்ஸ் செய்தே ஆக வேண்டும். அதுவும் மிகச்சரியாகக் குறைந்தபட்சத் தொகைக்கு. ஆக, 6,500 வைத்தவர் 8,000 ஆக்க வேண்டும். அதே ஆள் 5,500 வைத்திருந்தால் வெறும் ‘கால்’, மிச்சம் திரும்பி வந்துவிடும்.

இதில் வலி இருக்கிறது, மறுக்கவில்லை. ‘கால்’ என்றால் 4,000 கொடுத்து அடுத்த சீட்டைப் பார்த்திருக்கலாம். ரெய்ஸ் ஆகிவிட்டதால் முதலில் கட்டியவருக்கு மறுபடி ஏற்றும் உரிமை வந்துவிடுகிறது. அவர் ஆல்-இன் போட்டால் 8,000-ஐயும் விட்டுவிட்டு எழ வேண்டியதுதான். மறுபடி காசு கட்டி உள்ளே வர முடியாத டோர்னமென்டில் இது சாதாரண அடி இல்லை. அங்கே சிப்ஸ் இருமடங்கானால் பரிசு வாய்ப்பின் மதிப்பு இருமடங்காவதில்லை, ஆனால் மொத்தமும் போனால் ஆட்டமே முடிந்தது.

சரி, பரிதாபப்பட்டுத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? கில்லாடி ஒருவர் 6,500-ஐ நகர்த்துவார். எதிராளியின் முகத்தைப் பார்ப்பார். அவர் சிப்ஸை நோக்கிக் கை கொண்டுபோனால், "அய்யோ, நான் கால்தான் சொல்ல வந்தேன்!" முகம் வாடினால், "ஆமாம், ரெய்ஸ்தான்." காசு செலவில்லாமல் துப்பறியும் வேலை. அப்பாவிக்காகத் திறந்த கதவில் முதலில் நுழைபவர் அப்பாவியாக இருக்க மாட்டார் :-)

"நல்ல சீட்டு வைத்துக்கொண்டு தப்பு செய்ததுபோல நடித்தால்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் விதி தொகையைக் குறைந்தபட்சத்தில் கட்டிப்போடுகிறது. ஃப்ளாப் முடிந்து நடுவில் ஏற்கெனவே 10,000 இருந்தால், இப்போது 22,000. எதிராளி 4,000 கொடுத்தால் போதும். அவர் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம் இருந்தாலே நஷ்டமில்லை. ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறைபவருக்கு அடுத்த ஒரே சீட்டில் 47-ல் 9, அதாவது 19 சதவீதம். நடித்தவர் எதிராளிக்குத் தள்ளுபடி விலையில் டிக்கெட் கொடுத்ததுதான் மிச்சம். வாயைத் திறந்து 16,000 என்று சொல்லியிருந்தால் எதிராளிக்கு 28 சதவீதத்துக்கு மேல் தேவைப்பட்டிருக்கும். அதையும் மீறி அடிக்கடி நடிப்பவருக்குத் தண்டனை கொடுக்க டைரக்டருக்கு அதிகாரம் உண்டு.

இன்னொரு குற்றச்சாட்டு: கையில் மொத்தமே 6,000 உள்ளவர் ஆல்-இன் போட்டால், ஏற்கெனவே ஆடியவர்களுக்கு மறுபடி ஏற்றும் உரிமை வராது. நிறைய வைத்திருப்பவர் அதே 6,000 வைத்தால் 8,000 ஆகி, உரிமை வந்துவிடுகிறது. "பாரபட்சம்!" என்கிறார்கள். இல்லை. முதலாமவரிடம் வேறு சிப்ஸ் கிடையாது, ஒளிக்க ஒன்றும் இல்லை. இரண்டாமவருக்கு வழி இருந்தது, சொல்லவில்லை.

லாஸ் வேகாஸில் 2024-ல் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்டில் ஆளுக்கு 10,000 டாலர் கட்டி 10,112 பேர் ஆடினார்கள். அத்தனை பேரின் மனசையும் டீலர்கள் படித்துத் தீர்ப்பு சொல்ல முடியுமா? மேஜைமேல் இருப்பதை எண்ணத்தான் முடியும். விதி அதைத்தான் செய்கிறது.

தப்பிக்க வழி ரொம்பச் சுலபம். சிப்ஸைத் தொடுவதற்கு முன் ‘கால்’ என்றோ, ‘ரெய்ஸ்’ என்று தொகையோடோ சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு சிப்கூடச் செலவில்லை. அதைச் செய்ய மனமில்லாதவருக்காக மேஜையில் இருக்கும் மற்றவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?